வன்னியில் வீடு வரைவோருக்கு: பத்தியிலிருந்து தொடங்கும் ஒரு வழிகாட்டி

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் எந்த ஒழுங்கைக்குள் திரும்பினாலும் ஒரே வார்ப்பில் வார்த்த வீடுகளைக் காணலாம். இரண்டு அறை, ஒரு கூடம், ஒரு குசினி. மீள்குடியேற்றத்தின் பின் வந்த திட்டங்களின் வீடுகள் இவை. இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா கிடைத்தது. குடும்பமே நின்று கட்டிக்கொண்டது. வரைபடம் மட்டும் மேலிருந்து வந்தது.

அந்த வீடுகளின் முன்பக்கத்தைப் பார்த்து ஒன்றும் கற்க முடியாது. கோடிப்பக்கம் போய்ப் பாருங்கள். ஒன்றில் தகரத்தால் இறக்கிய பத்தி, அதாவது வீட்டுச் சுவரோடு ஒட்டிய சாய்ப்பு, அடுத்ததில் கிடுகு வேய்ந்த மால் என்னும் திறந்த கொட்டில், இன்னொன்றில் தறப்பாளின் கீழே மூன்று கல் அடுப்பு. வரைந்தவர் மறந்ததை எல்லாம் வாழ்பவர் தம் கையால் சேர்த்திருக்கிறார். கட்டடக் கலையில் புதிதாகச் சிந்திக்க விரும்பும் எவருக்கும் வன்னியில் இதைவிட நல்ல பாடம் இல்லை என்பது என் எண்ணம். கைப்பேசியில் வரும் உருண்டைத் தூண் முகப்புகளைச் சேகரித்து வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்காகவே இதை எழுதுகிறேன். படங்களைச் சேருங்கள், குற்றமில்லை. ஆனால் வேலையை அங்கிருந்து தொடங்காதீர்கள்.

முதற் படி: காணியில் ஒரு நாள் முழுக்க இருங்கள்

பென்சிலை எடுக்குமுன் அந்த வளவில் விடியற்காலை ஆறு மணியிலிருந்து பொழுதுபடும் வரை இருக்க வேண்டும். ஒரு கொப்பி, அளவு நாடா, தண்ணீர்ப் போத்தல் போதும். ஒவ்வொரு மணிக்கும் நிழல் எங்கே விழுகிறது என்று குறியுங்கள். மத்தியானம் நாய் எங்கே போய்ப் படுக்கிறது என்பதையும் குறியுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வளவிலேயே குளிர்ந்த இடம் அதற்குத்தான் தெரியும்.

சூரியனைப் பற்றி நம்மவர் பலருக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. வெயில் எப்போதும் தெற்கிலிருந்து வருகிறது, வடக்கு விறாந்தை எப்போதும் நிழல் என்று நினைக்கிறார்கள். கிளிநொச்சி வட அகலாங்கு ஒன்பது பாகையைச் சற்றே தாண்டியது. அதனால் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி உச்சிச் சூரியன் ஏறத்தாழ நேர் தலைக்கு மேலே நிற்கும். அதிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். பிறகுதான் தெற்கே சாயும். டிசம்பர் உச்சிப் பொழுதில் அதன் உயரம் சுமார் 57 பாகை.

காற்றும் அப்படித்தான், ஆளுக்கு ஆள் ஒரு திசை சொல்வார்கள். நடு ஆண்டில் தென்மேற்கிலிருந்து சோளகம் புழுதியோடு அடிக்கும். ஒக்டோபர் தொடங்கித் தை வரை வாடை மழையைக் கொண்டுவரும். வளவில் நிற்கும் வேம்பில் எந்தப் பக்கக் கொப்பு வளைந்திருக்கிறது என்று பாருங்கள். அங்கே காற்று தன் பாதையை எழுதி வைத்திருக்கும்.

தண்ணீரைப் பற்றி அயலாரிடம் கேளுங்கள். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளை வெள்ளம் மூடிய இரவில் இந்தக் காணியில் எதுவரை ஏறியது என்று கேட்டால் முழங்காலையோ இடுப்பையோ தொட்டுக் காட்டுவார்கள். அந்தக் கையின் உயரத்தை அளந்து எழுதுங்கள். உங்கள் நிலமட்டம் அதற்கு மேலே இருக்கட்டும்.

மண்ணும் ஊருக்கு ஊர் வேறு. முருங்கன் பக்கத்துக் கரிய களி, மழையில் ஊதும், கோடையில் கைவிரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். முன்பு காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்குப் போன களி அதுதான். விசுவமடுச் செம்மணலில் போடும் அத்திவாரத்தை அங்கே போட்டால் இரண்டாம் வருடமே சுவரில் குறுக்குக் கோடு ஓடும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். போர் நடந்த காணியில் கண்ணிவெடி அகற்றியதற்கான உறுதி கிடைக்காமல் மண்வெட்டியைத் தூக்க வேண்டாம். உறுதி இருந்தாலும், தோண்டும்போது இரும்பாக எதுவும் தட்டுப்பட்டால் ஆட்களை விலக்கி உரியவர்களுக்கு அறிவியுங்கள்.

இரண்டாம் படி: இருபது பத்திகளை அளந்து வரையுங்கள்

இதற்கு ஒரு மாதம் ஒதுக்கலாம். உங்கள் ஊரில் திட்ட வீடுகளோடு சேர்த்துக் கட்டப்பட்ட பத்தி, கொட்டில், மால், திண்ணை எதையும் விடாதீர்கள். நீளம், அகலம், கூரை இறங்கும் உயரம், கப்பு என்ன மரம், தரை எதனால் ஆனது, எந்தத் திசை, யார் எந்த நேரத்தில் அங்கே இருப்பார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தேநீர் தருவார்கள், மறுக்காதீர்கள். பாதி விவரம் தேநீர் குடிக்கும்போதுதான் வரும்.

நான் முதலில் அளந்த ஒன்பது வீடுகளில் ஏழில் குசினி என்று கட்டிய அறைக்குள் நெல் மூட்டை கிடந்தது. சமையல் வெளியே நடந்தது. காரணம் எளிது. விறகு அடுப்புக்கு அந்த அறையில் புகை போக வழியில்லை. நெல் அவிக்கும் பெரிய பானைக்கு இடமும் இல்லை. மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சவும், பத்துப் பேர் வந்தால் நிலத்தில் இருந்து தேங்காய் துருவவும் அங்கே முடியாது. வெளியே இறக்கிய பத்தியில் இவை எல்லாம் நடந்தன. அரைச்சுவர், அதற்கு மேலே வெறும் மட்டை, கூரை ஆள் குனிந்து போகும் உயரம். அந்தத் தாழ்ந்த கூரையைக் குறையென்று முதலில் எழுதினேன். மேற்குப் பக்கத்து நாலு மணி வெயில் உள்ளே வராததற்கு அதுதான் காரணம் என்று இரண்டு வாரம் கழித்துத்தான் விளங்கியது. கொப்பியில் அந்த வரியை இன்னும் அடிக்காமல் வைத்திருக்கிறேன்.

இருபது வரைபடங்கள் சேர்ந்தவுடன் அவற்றை நிலத்தில் பரப்பிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வருவது எது? கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் இடையே எத்தனை அடி? மோட்டார் சைக்கிள் எங்கே நிற்கிறது? படிக்கிற பிள்ளை எந்த வெளிச்சத்தில் இருக்கிறது? இந்த விடைகள் எந்த நூலிலும் அச்சாகவில்லை. உங்கள் கையில் மட்டும் இருக்கின்றன. இனி நீங்கள் வரையும் எதுவும் பிறர் வரைந்ததன் நகலாக இருக்காது.

மூன்றாம் படி: அறைகளை எண்ணாதீர்கள், நாளைக் கேளுங்கள்

"எத்தனை அறை வேண்டும்?" என்று கேட்டால் பக்கத்து வீட்டில் உள்ளதைவிட ஒன்று கூடுதலாகச் சொல்வார்கள். "விடிய எழும்பியவுடன் முதலில் எங்கே போவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு வேறு பக்கம் போகும்.

இலங்கையில் இதற்கு முன்னோடி மினெட் டி சில்வா. 1950களில் கண்டி வத்தபுலுவவில் அரசாங்க ஊழியருக்கான வீட்டுத் திட்டத்தை வடிவமைத்தபோது, குடியேறப் போகிற குடும்பங்களிடம் கேள்விக்கொத்துக் கொடுத்து, அவர்களுடைய பழக்கங்களையும் விருப்பங்களையும் கேட்டறிந்து வீடுகளை வகைப்படுத்தினார். 1948 இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர்களின் அரச நிறுவனத்தில் அங்கத்துவம் பெற்ற முதல் ஆசியப் பெண் அவர். அன்றைக்கு எவரும் அப்படிக் கேட்பதில்லை. இன்றைக்கும் பலர் கேட்பதில்லை.

வன்னியில் கேட்கும்போது பொறுமை வேண்டும். ஒரு முதிய அம்மா என்னிடம் இரண்டு வாசல் கட்டாயம் வேண்டும் என்றார், அதுவும் எதிரெதிரே. வாஸ்துவாக்கும் என்று நினைத்தேன். "ஒரு வாசல் வீட்டில் எனக்கு நித்திரை வராது தம்பி" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வரைபடத்தில் இரண்டு வாசலும் எதிரெதிரே வந்தன. அதனால் வீட்டுக்குள் குறுக்குக் காற்றும் வந்தது.

தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் நமது மாவட்டங்களில் ஏராளம். அவர்கள் படலையை உள்ளிருந்தே பார்க்க வேண்டும் என்பார்கள், கழிப்பறை வீட்டோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பார்கள். சிலர் சொல்லக் கூச்சப்படுவார்கள். நீங்களே கேட்டுவிடுங்கள்.

நான்காம் படி: தரைப்படத்துக்கு முன் வெட்டுமுகம்

பெரும்பாலானோர் தரைப்படத்தை வரைந்து முடித்துக் கடைசியில் அதன்மேல் கூரையைக் கவிழ்ப்பார்கள். வெப்பமான நாட்டில் இது தலைகீழ். வீட்டைக் கத்தியால் குறுக்கே வெட்டினால் எப்படித் தெரியுமோ அந்தப் படத்திலிருந்து தொடங்குங்கள். சூடு எங்கே ஏறுகிறது, எங்கே வெளியேறுகிறது, மழைச்சாரல் எங்கே தெறிக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

கணக்கு ஒன்று பார்ப்போம். சுவரிலிருந்து மூன்று அடி தள்ளித் தாழ்வாரம் இறக்குகிறீர்கள். டிசம்பர் உச்சி வெயிலில் தெற்குச் சுவரில் அதன் நிழல் தாழ்வார விளிம்பிலிருந்து சுமார் நாலரை அடி கீழே விழும். யன்னல் பெரும்பகுதி தப்பிவிடும். ஜூனில் வடக்குச் சுவருக்கு அதே மூன்றடி தாராளம், முழுச் சுவரும் நிழலில் இருக்கும். மேற்குச் சுவருக்கு வாருங்கள். பின்னேரம் நாலு மணிக்குச் சூரியன் முப்பது பாகை உயரத்துக்கு இறங்கிவிடும். மூன்றடித் தாழ்வாரம் தருவது ஒன்றேமுக்கால் அடி நிழல். அங்கே தாழ்வாரத்தை நம்பிப் பயனில்லை. வேம்போ, பத்தியோ, களஞ்சிய அறையோ நிற்க வேண்டும். தாழ்ந்த கூரைப் பத்தியின் இரகசியம் இந்தக் கணக்குத்தான். அதைக் கட்டிய ஐயா இதைத் தாளில் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்.

கூரையை வரையும்போதே பீலியையும் தொட்டியையும் வரையுங்கள். 50 சதுர மீற்றர்க் கூரையில் வருடத்துக்கு ஒரு மீற்றர் மழை விழுந்தால் 50,000 லீற்றர். சிந்துவதும் முதல் மழையில் கழுவி விடுவதும் போக 40,000 லீற்றர் மிஞ்சும். கிணற்று நீர் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் ஊர்களில் இது சின்ன விடயம் அல்ல.

வெட்டுமுகம் என்றால் என்னவென்று கண்ணால் பார்க்க விரும்பினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்னார் அரிப்புக்குப் போங்கள். முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிடத் தங்குவதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகையின் எச்சம் கடற்கரை மேட்டில் நிற்கிறது. கிரேக்கப் பாணி. கடல் அரித்து ஒரு பக்கத்தை அறுத்துப் போட்டிருக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சுவரின் கனமும் திறந்து கிடக்கின்றன. உட்கார்ந்து வரையுங்கள். தொப்பி கொண்டுபோங்கள், நிழல் இல்லை.

ஐந்தாம் படி: கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

எல்லாம் கிடைக்கும் என்றால் மூளை வேலை செய்யாது. ஒவ்வொரு வேலையிலும் நீங்களாகவே ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். இருபது மைலுக்குள் கிடைக்கும் பொருள் மட்டும், அல்லது ஒரு மேசனும் இரண்டு உதவியாளரும் செய்யக்கூடியது மட்டும், அல்லது ஒரே அளவு யன்னல் மட்டும்.

கேரளத்தில் நாற்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டைப் பரவலாக்கினார். கல் ஏறத்தாழக் காற்பங்கு மிச்சமாகும், வெற்றிடம் வெப்பத்தையும் தடுக்கும். ஆனால் ஒரு கண்டிப்பு உண்டு. கற்கள் ஒரே அளவாக இருக்க வேண்டும். சூளைக்குச் சூளை அளவு மாறினால் மேசன் முதல் வரியிலேயே கரண்டியைப் போட்டுவிடுவார். சூளைக்குப் போய் நூறு கல்லை அளந்துவிட்டு முடிவெடுங்கள். மணற்பாங்கான செம்மண் கிடைக்கும் இடங்களில், சிறிதளவு சீமெந்து கலந்து அழுத்திச் சுடாமல் ஆற்றும் மண் கல்லையும் எண்ணிப் பார்க்கலாம்.

மரத்தில் முற்றிய பனைக்கு இணை இல்லை. கைமரமும் சிலாகையும் அதிலேயே எடுக்கலாம். பாலையும் முதிரையும் கறையானுக்கு அஞ்சா. ஆனால் மரம் தறிக்கவும் ஏற்றவும் அனுமதி வேண்டும், அதைச் செலவிலும் நாட்களிலும் சேர்த்துக்கொள்ளுங்கள். காட்டோரக் கிராமத்தில் ஓட்டுக் கூரை போடுவதாயின் குரங்கையும் கணக்கில் எடுங்கள். கூரையை எட்டும் கொப்பு ஒன்று இருந்தால் வருடத்துக்கு நூறு ஓடு உடையும்.

பொருளை மட்டும் பார்த்து இடத்தைப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2016 இல் வடக்கு கிழக்குக்கு முன்வைக்கப்பட்ட 65,000 இரும்பு வீடுகள் திட்டம் சான்று. விலை ஒருபுறம், வெக்கை ஒருபுறம், உள்ளூர் மேசனுக்கும் தச்சனுக்கும் வேலை இல்லாமற் போவது ஒருபுறம் என்று எதிர்ப்பு எழுந்தது. அந்த வாதங்களில் எனக்குப் பிடித்தது மிக எளிமையானது: அந்த வீட்டோடு ஒரு பத்தியைச் சேர்க்க முடியுமா?

ஆறாம் படி: கயிற்றால் வீட்டைக் கட்டுங்கள்

பத்துச் சிறு படங்கள் வரைந்து மூன்றைத் தெரிந்த பிறகு, நல்லதென்று படும் ஒன்றை நிலத்தில் உண்மை அளவில் போடுங்கள். கதியால் வெட்டிய தடிகள் இருபது, நைலோன் கயிறு, கொஞ்சம் சாம்பல். ஒரு காலை நேரம் போதும்.

தருமபுரத்துக்கு அருகே ஒரு வளவில் இப்படிப் போட்டோம். அந்த வீட்டு அம்மம்மா சாம்பற் கோட்டைக் கவனமாகத் தாண்டாமல், நாங்கள் வாசல் என்று விட்ட இடைவெளியாலேயே உள்ளே வந்தார். கூடத்தில் நின்றார். அறைக்குப் போனார். பிறகு குசினிக்குள் போய், இல்லாத அடுப்பின் முன்னே குந்தியிருந்து, இல்லாத அகப்பையை எடுத்துக் கிளறினார். பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இதிலே இருந்தால் படலை தெரியவில்லையே."

"கூடத்து யன்னலால் தெரியும் அம்மம்மா."

"நான் கூடத்திலா இருக்கப் போகிறேன்?"

இரண்டு தடியைப் பிடுங்கி அடுப்பை மறுபக்கம் மாற்றினோம். மறுபடி குந்தினார். படலை தெரிந்தது, கிணற்றடியும் தெரிந்தது. மாமரத்தடியில் கட்டிய ஆடும் தெரிந்தது என்பதை அவர்தான் எங்களுக்குக் காட்டினார். தாளில் அந்த மாற்றத்தைச் செய்ய எனக்கு ஒரு வாரம் போயிருக்கும், அதுவும் சண்டை பிடித்துக்கொண்டு.

ஏழாம் படி: மேசனுக்கு முன்னால் வாயை மூடுங்கள்

முதல் பத்து நிமிடமாவது. வரைபடத்தைக் கொடுத்துவிட்டு அவர் எங்கே புருவத்தைச் சுருக்குகிறார் என்று பாருங்கள். அங்கே ஒரு பிழை இருக்கும், அல்லது அவருக்குப் பழக்கமில்லாத ஒன்று இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. பிழையாயின் திருத்துங்கள். பழக்கமில்லாததாயின் நாலடிச் சுவர் ஒன்றை மாதிரிக்குக் கட்டச் சொல்லி, அந்த நாட்கூலியை நீங்கள் கொடுங்கள். பிறகு அதை அவரே தன் கண்டுபிடிப்பாக ஊரில் சொல்லித் திரிவார். சொல்லட்டும்.

வாஸ்துவோடு மோதாதீர்கள். நிலையம் பார்ப்பவர், அதாவது வீடு அமையும் இடத்தைக் குறித்துக் கொடுப்பவர், வருமுன்னே அவரிடம் பேசிவிட்டால் பாதித் தொல்லை இல்லை. அவர் சொல்லும் விதிகளையும் ஐந்தாம் படியில் சொன்ன கட்டுப்பாடுகளில் ஒன்றாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். நிலை வைக்கும் நாளை மட்டும் தவறவிடாமல் போய் நில்லுங்கள். அன்றைக்கு வராத வரைவாளரை வீட்டார் மறப்பதில்லை.

எட்டாம் படி: தாளும் காசும்

பிரதேச சபை அனுமதி, காணி உரிமைப் பத்திரம், எல்லை அளவு, மூன்றும் சரியாகாமல் கல் இறக்கக் கூடாது. கூலியை முற்பணம், அனுமதிப் படம், கூரை மட்டம் என்று மூன்று தவணையாக எழுதி வாங்குங்கள். உறவினருக்கும் எழுதுங்கள், உறவினருக்குத்தான் கட்டாயம் எழுத வேண்டும்.

வீட்டைக் கட்டம் கட்டமாகக் கட்டக்கூடியதாக வரைவதுதான் வன்னியில் உண்மையான திறமை. முதல் கட்டத்தில் ஒரு அறையும் விறாந்தையும் குசினியும் கழிப்பறையும். நெல் விற்ற வருடம் அடுத்த அறை. அதற்கு அத்திவாரத்தை எங்கே நீட்டி விடுவது, சுவரில் எந்தக் கற்களைப் பல்லுப்போல வெளியே விடுவது, கூரை எந்த வளையிலிருந்து தொடரும் என்பதை முதல் நாளே படத்தில் புள்ளிக் கோடாகப் போட்டுக் கொடுங்கள். பத்தி எங்கே இறங்கப் போகிறது என்பதையும் சேர்த்து.

ஒன்பதாம் படி: திரும்பிப் போங்கள்

கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா பெந்தோட்டைக்கு அருகே லுனுகங்க தோட்டத்தை 1948 அளவில் தொடங்கி ஏறத்தாழ ஐம்பது வருடம் மாற்றிக்கொண்டே இருந்தார். நமக்கு அவ்வளவு வாய்ப்பு இல்லை. ஆனால் முடித்துக் கொடுத்த வீட்டுக்கு ஒரு மாரியிலும் ஒரு சித்திரையிலும் போய்வர பஸ் காசு மட்டும் போதும்.

என் முதல் வீட்டில் மேற்கே ஒரு அகன்ற யன்னல் வைத்தேன். அதன் வழியே குளக்கட்டு தெரியும், மாலைச் சூரியன் தெரியும், படம் எடுத்தால் அழகாக வரும். சித்திரையில் போனபோது உள்ளிருந்து உரச்சாக்கை நான்கு மூலையிலும் ஆணியடித்து மூடியிருந்தார்கள். வீட்டுக்கார அண்ணன் என்னைக் கண்டதும் அவசரமாக அதைக் கழற்றப் போனார். வேண்டாம் என்று நானே தடுத்தேன். சாக்கை அளந்து கொப்பியில் வரைந்தேன்: நாலடிக்கு மூன்றரை அடி, கீழே ஒரு சாண் இடைவெளி, காற்றுக்காக. பிறகு இருவருமாக வெளியே போய், அந்தச் சுவரோடு எங்கே இரண்டு பனங்கப்பு நடலாம் என்று காலால் கோடு போட்டுப் பார்த்தோம்.